"4ஜிபி கார்டு இருக்குண்ணே!": கம்ப்யூட்டரில் என்ன கிராபிக்ஸ் கார்டு என்று கண்டுபிடிப்பது எப்படி

ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால், அப்புறம் டிசம்பர் முடியும்வரை சிவகாசியில் டிசைன் செய்கிறவர்களுக்குத் தூக்கம் கிடையாது. அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற எனக்கும் கிடையாது. அப்படி ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் வந்தது. எங்கள் தெருவில் கடைசி வீட்டுப் பையன், பிளஸ் டூ படிக்கிறான்.

"அண்ணே, ஒரு கேம் இறக்கலாம்னு இருக்கேன். நம்ம சிஸ்டத்துல ஓடுமா?"

"என்ன கார்டுடா போட்டிருக்கு?"

"4ஜிபி கார்டு இருக்குண்ணே."

இந்தப் பதிலை நான் வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறேன். "என்ன வண்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் "பத்து லிட்டர் டேங்க்" என்று சொல்வது மாதிரிதான் இது. டேங்க் அளவு, அதாவது கார்டின் மெமரி, சரி, வண்டி என்ன? ஜிடி 710 என்ற கார்டும் 2ஜிபியில் வருகிறது, ஜிடிஎக்ஸ் 1050 என்ற கார்டும் 2ஜிபியில் வருகிறது. முதலாவதில் 192 கோர்கள் (கணக்குப் போடும் குட்டிப் பகுதிகள்), இரண்டாவதில் 640. முதலாவதைப் பெரும்பாலும் டிடிஆர்3 மெமரியோடு விற்றார்கள், இரண்டாவதில் அதைவிடப் பல மடங்கு வேகமான ஜிடிடிஆர்5. கடையில் இரண்டையும் "2ஜிபி கார்டு" என்றே சொல்லி விற்கலாம், யாரும் பொய் சொன்னதாக ஆகாது.

அதனால் பெயர் வேண்டும். பெயர் என்றால் எண்ணோடு சேர்ந்த முழுப்பெயர். அதைப் பார்க்க நான் போனில் எல்லோருக்கும் சொல்கிற முதல் வழி இதுதான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்ன ஜன்னலாகத் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டுங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பக்கத்துக்குப் போனால் இடது பக்கம் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் அடியில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், இருக்கும். அதைத் தட்டினால் வலது மேல் மூலையில் கார்டின் பெயர் தெரியும். அரை நிமிட வேலை.

விண்டோஸ் 10-இல் 2017 அக்டோபரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் இந்த ஜிபியு வரி டாஸ்க் மேனேஜரில் சேர்ந்தது. அதற்கு முந்தைய விண்டோஸில் தேடினால் கிடைக்காது. எங்கள் ஊரில் பழைய தமிழ் ஃபான்ட்டுகளுக்காகவும் பழைய கோரல் டிராவுக்காகவும் விண்டோஸ் 7-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழி, கீழே சொல்கிறேன்.

பையனிடம் இதைச் செய்யச் சொன்னேன். பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் படித்தான்: "இன்டெல் யுஎச்டி கிராபிக்ஸ் 630. கீழ ஷேர்டு ஜிபியு மெமரி 3.9 ஜிபின்னு போட்டிருக்குண்ணே. சொன்னேன்ல, 4ஜிபி!"

இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஷேர்டு என்று போட்டிருப்பது கார்டின் மெமரி இல்லை. தேவைப்பட்டால் ரேமிலிருந்து இவ்வளவு வரைக்கும் கிராபிக்ஸ் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு. வழக்கமாக அது மொத்த ரேமில் பாதி. பையனிடம் இருந்தது 8ஜிபி ரேம், அதில் பாதிதான் அவனுடைய 'கார்டு'. நாளைக்கே 16ஜிபி ரேம் போட்டால் அது 8ஜிபி ஆகிவிடும். ஆனால் கேம் ஓடுகிற வேகம் அதே விகிதத்தில் ஏறிவிடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' என்ற வரி. தனி கார்டு இருந்தால் அங்கே 2, 4, 6 என்று அதன் சொந்த மெமரி வரும். இன்டெல் ஆன்போர்டு கிராபிக்ஸில் (தனி கார்டாக இல்லாமல் புராசஸருக்குள்ளேயே இருப்பது) பெரும்பாலும் அந்த வரியே இருக்காது. ஏஎம்டி புராசஸர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அதில் ஆன்போர்டு கிராபிக்ஸுக்கென்று 512 எம்பியோ 2ஜிபியோ ரேமிலிருந்து முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருப்பார்கள், அது டெடிகேட்டட் என்றே காட்டும். அதனால் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். 'ரேடியான் வேகா 8' என்றோ, எண்ணே இல்லாமல் வெறுமனே 'ஏஎம்டி ரேடியான் கிராபிக்ஸ்' என்றோ இருந்தால் அது புராசஸருக்குள்ளேயே இருப்பது. 'ரேடியான் ஆர்எக்ஸ் 580' மாதிரி ஆர்எக்ஸுக்கு அடுத்தே மூன்று, நாலு இலக்க எண் வந்தால் தனி கார்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, விண்டோஸ் 7-காரர்கள். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். போனில் சொல்லும்போது "டி ஃபார் டாக், எக்ஸ் ஃபார் எக்ஸ்மஸ்" என்று ஆரம்பித்து நான் படும் பாடு தனிக்கதை. முதல் முறை திறக்கும்போது டிரைவர்களின் (கார்டு மாதிரியான பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்கள்) டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கலாமா என்று கேட்கும், யெஸ் கொடுத்தால் போதும். 'டிஸ்ப்ளே' பக்கத்தில் நேம் என்ற வரியில் கார்டு பெயர் இருக்கும். இது புது விண்டோஸிலும் வேலை செய்யும். போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதே இல்லை. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் போய் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால், போட்டோஷாப் எந்தக் கார்டைக் கண்டுபிடித்திருக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும்.

இப்போது சிக்கலான கேஸ். ஃபார்மட் போட்டுவிட்டு வந்த கம்ப்யூட்டர். பெயர் வர வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று நிற்கும். "கார்டு மாத்திட்டாங்கண்ணே, மைக்ரோசாஃப்ட் கார்டு போட்டுட்டாங்க" என்று ஒருவர் பதறிப்போய் வந்தார். அப்படி ஒரு கார்டே கிடையாது. சரியான டிரைவர் இல்லை, அதனால் படம் மட்டும் காட்டுகிற பொதுவான டிரைவரை விண்டோஸ் போட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் எந்த டிரைவரை இறக்குவது என்று தெரிய கார்டு பெயர் வேண்டும், கார்டு பெயர் தெரிய டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்து, உள்ளே இருப்பதில் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போங்கள். அதில் 'டீட்டெயில்ஸ்' பக்கம். மேலே உள்ள பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமாக ஒரு வரி வரும். அதில் 'வென்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நாலு இலக்கம், 'டெவ்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நாலு இலக்கம் இருக்கும். முதல் நாலு, தயாரித்த கம்பெனி. 10டிஇ என்றால் என்விடியா. 8086 என்றால் இன்டெல். 1978-இல் அவர்கள் கொண்டுவந்த புகழ்பெற்ற புராசஸரின் எண்ணையே தங்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 1002 என்றால் ஏஎம்டி. உண்மையில் அது ஏடிஐ கம்பெனியின் எண், 2006-இல் ஏடிஐயை வாங்கியபோது எண்ணும் கூடவே வந்துவிட்டது.

இரண்டாவது நாலு, குறிப்பிட்ட சிப். 10டிஇ-யோடு 128பி வந்தால் ஜிடி 710. 1287 வந்தால் ஜிடி 730. 1சி82 வந்தால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. எனக்கு இந்த மூன்றும் பார்த்துப் பார்த்து மனப்பாடம். உங்களுக்குத் தேவையில்லை, இரண்டு எண்களையும் சேர்த்து இணையத்தில் தேடினால் பெயர் வந்து விழும்.

கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை என்றால்? அல்லது விற்பவர் வீட்டில் போய் நிற்கிறீர்கள், போட்டுக் காட்ட மானிட்டர் இல்லை என்கிறார் என்றால்? கண்ணால்தான் பார்க்க வேண்டும். முதலில் சிபியுவின் பின்பக்கம். (அந்தப் பெட்டிக்குப் பெயர் கேபினெட் என்று எனக்கும் தெரியும். ஊரே சிபியு என்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன்.) யுஎஸ்பி, நெட் கேபிள், ஸ்பீக்கர் எல்லாம் சொருகும் மேல் கூட்டத்தில் உள்ள விஜிஏ, எச்டிஎம்ஐ ஓட்டைகள் (மானிட்டர் கேபிள் சொருகுபவை) மதர்போர்டுடையவை. அதற்குக் கீழே, தகரப் பட்டைகள் அடுக்கியிருக்கும் பகுதியில் படுக்கைவாட்டில் இன்னொரு செட் எச்டிஎம்ஐ, டிவிஐ இருந்தால் தனி கார்டு உள்ளே இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை.

இதைப் பார்க்கும்போதே மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்றும் பாருங்கள். ஆல்பம் டிசைன் செய்யும் அக்கா ஒருவர் ஜிடிஎக்ஸ் 1650 வாங்கிப் போட்டு மூன்று மாதமாக "ஒரு வித்தியாசமும் தெரியலையே தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாஸ்க் மேனேஜரில் இன்டெல், என்விடியா இரண்டுமே தெரிந்தன. போய்ப் பார்த்தால் கேபிள் மேலே மதர்போர்டில் இருந்தது. கார்டு சும்மா ஃபேன் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. கேபிளைக் கழற்றிக் கீழே சொருகினேன். அதற்கு எப்படிக் கூலி கேட்பது? காபி மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

பெட்டியைத் திறப்பதானால் கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். உள்ளே கை வைக்கும் முன் பெயின்ட் இல்லாத தகரத்தைத் தொடுங்கள். கார்டின் ஃபேன் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம், அதை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பச்சையோ கறுப்போ போர்டின் முதுகுப் பக்கத்தில் பார்கோடோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் வேண்டும். உதாரணத்துக்கு ஜிகாபைட் கார்டு ஒன்றில் ஜிவி-என்710டி3-2ஜிஎல் என்று இருக்கும். என் என்றால் என்விடியா, 710 மாடல், டி3 என்றால் டிடிஆர்3, 2ஜி என்றால் 2ஜிபி, எல் என்றால் ஒல்லியான கேபினெட்டுக்குள்ளும் போகும் குட்டை சைஸ். கார்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால் ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை முதலில் விடுவியுங்கள். மறந்துவிட்டு இழுத்து நான் உடைத்த கொக்கிகள் இரண்டு.

இனி என் சொந்தப் பணம் போன கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு டிசைனருக்காகச் செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4ஜிபி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். விலை 5,500 ரூபாய். விற்றவர் போட்டுக் காட்டினார். டாஸ்க் மேனேஜரில் 1050 டிஐ. டிவைஸ் மேனேஜரில் 1050 டிஐ. ஹார்டுவேர் ஐடி வரைக்கும் பார்த்தேன், அதிலும் 1சி82. "டிரைவர் மட்டும் இந்த சிடியில இருக்கறதையே போடுங்க" என்று ஒரு சிடியும் கொடுத்தார். அங்கேயே எனக்கு மூக்கு வேர்த்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் ஓடியது. சின்ன ஃபைல் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. பெரிய பேனர் ஃபைலைத் திறந்தால் ஸ்கிரீன் கறுத்துப்போய் நின்றது. என்விடியா தளத்திலிருந்து டிரைவர் இறக்கிப் போட்டேன், கார்டு வேலை செய்யவே மறுத்தது. அப்புறம்தான் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். டெக்பவர்அப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இன்ஸ்டால் செய்யாமலும் ஓடும். பெயருக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் 'ஃபேக்' என்று காட்டியது. கம்பெனி லோகோ இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் முக்கோணம். 2018-இலிருந்து போலி என்விடியா கார்டுகளை அது இப்படிக் காட்டிக்கொடுக்கிறது.

உள்ளே இருந்தது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ காலத்துச் சிப். 1050 டிஐயில் 768 கோர்கள் இருக்க வேண்டும், இதில் இருந்தது 192. 4ஜிபி என்று காட்டியதில் உண்மையில் இருந்தது 1ஜிபி. அதைத் தாண்டி நிரப்பப் பார்க்கும்போதெல்லாம் விழுந்திருக்கிறது. இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், கார்டுக்குள் இருக்கும் பயாஸை (கார்டிலேயே பதிந்திருக்கும் சின்ன மென்பொருள்) மாற்றி எழுதிவிடுகிறார்கள். கார்டே "நான் 1050 டிஐ" என்று சொல்லும்போது விண்டோஸ் பாவம் என்ன செய்யும்? கார்டு சொன்னதை அப்படியே நமக்குப் படித்துக் காட்டுகிறது. ஜிபியு-இசட் அந்தப் பெயரோடு நிற்காமல் சிப் உண்மையில் எது என்றும் பார்க்கிறது.

கண்ணை ஒழுங்காகத் திறந்து பார்த்திருந்தாலே அன்றைக்குத் தப்பித்திருப்பேன். அந்தக் கார்டில் நீல நிற விஜிஏ ஓட்டை இருந்தது. 1050 டிஐ பாஸ்கல் தலைமுறை. அந்தத் தலைமுறையில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சிக்னலையே என்விடியா எடுத்துவிட்டது. 1050 டிஐ என்று சொல்லி விஜிஏவோடு ஒன்று வந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணும் விஜிஏவும் சேராது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், மூன்று இடத்தில் ஒரே பெயரைப் பார்த்த திருப்தியில் மறந்துவிட்டது. 5,500-ஐ டிசைனருக்குத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜிபியு-இசட் போலியைப் பிடிக்க மட்டும் இல்லை. அதில் 'மெமரி டைப்' என்ற வரியையும் பாருங்கள். ஜிடி 1030 என்ற கார்டு 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த வருஷம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. முதலாவதில் விநாடிக்கு 48 ஜிபி டேட்டா போய்வரும், இரண்டாவதில் 17-கூட இல்லை. இது போலி இல்லை, கம்பெனியே அப்படி விற்றது. ஜிடிஎக்ஸ் 1060-யிலும் 3ஜிபி, 6ஜிபி என்று இரண்டு உண்டு. வித்தியாசம் மெமரியில் மட்டும் என்று நினைப்போம். கோர்களும் 1152, 1280 என்று வேறு வேறு.

லேப்டாப் என்றால் திறக்கும் வேலை வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருந்தால் ஒன்று ஆன்போர்டு, இன்னொன்று தனி. இரண்டையும் தட்டிப் பாருங்கள், 0-வை மட்டும் பார்த்துவிட்டு "என்விடியா இல்லை, ஏமாத்திட்டாங்க" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும். மேலே சொன்ன ஆறெழுத்துக் கட்டளையில் தனி கார்டு 'ரெண்டர்' என்ற பக்கத்தில் வரும், டிஸ்ப்ளேயில் தேடாதீர்கள். இன்னொரு விசித்திரம்: ஐரிஸ் எக்ஸ்இ என்று ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப், விண்டோஸில் வெறும் இன்டெல் யுஎச்டி என்று காட்டலாம். உள்ளே ஒரே ஒரு ரேம் மட்டும் இருப்பதால் அப்படி. இரண்டாவது ரேம் சேர்த்து டூயல் சேனல் ஆக்கினால் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறிவிடும், வேகமும் கூடும்.

லினக்ஸில் டெர்மினல் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்தெழுத்தை அடியுங்கள். பட்டியலில் விஜிஏ என்ற சொல்லை மட்டும் வடிகட்டித் தேடச் சொல்லி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். லேப்டாப்பில் அது காலை வாரும். தனி என்விடியா பெரும்பாலும் '3டி கன்ட்ரோலர்' என்ற பெயரில்தான் அங்கே நிற்கும். மேக் என்றால் ஆப்பிள் சின்னத்தைத் தட்டி 'அபவுட் திஸ் மேக்' பாருங்கள். எம்1 முதல் வந்த மேக்குகளில் கிராபிக்ஸ் அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, தனியாகத் தேட ஒன்றுமில்லை.

என்னிடம் "கார்டு மாற்றலாமா?" என்று கேட்பவர்கள் வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினால் போதும்: டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கம் முழுசாக, சிபியுவின் பின்பக்கம், அப்புறம் உள்ளே எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ஸ்கிரீனைச் சாய்வாக நின்று போட்டோ எடுக்காதீர்கள், எண் தெரிய மாட்டேன் என்கிறது.

கடைசி வீட்டுப் பையனுக்கு மறுநாள் சாயங்காலம் போய்த் திறந்து பார்த்தேன். கார்டு போடும் நீள ஸ்லாட் காலியாக, தூசி படிந்து கிடந்தது. எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று எழுதியிருக்கிறது. தனி பவர் வயர் கேட்காத 75 வாட் கார்டு ஒன்றைத் தாங்கும். விலையை ஒரு தாளில் எழுதி அவன் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். "ரேமை 16 ஆக்கிட்டா 8ஜிபி கார்டு ஆயிடும்ல அண்ணே?" என்று திரும்பவும் கேட்டான்.